வாசலில் இரண்டு ஜோடி

மலேசியாவின் ஸ்கூடாயில் அந்த நான்கு மாடி அபார்ட்மெண்டின் முதல் படியில் கால் வைத்தபோதே மனோகரன் உதட்டைப் பிதுக்கிவிட்டான். லிப்ட் இல்லை. சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. படி திரும்பும் இடத்தில் யாரோ பழைய சைக்கிள் ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டி, அதன் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

“இதுல மனுசன் இருப்பானா?” என்று, தன்னை அழைத்து வந்த ஏஜெண்ட் ரூபேந்திரனிடம் கேட்டான்.

கேட்டவன் அப்போது குடியிருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். அதை அவன் எவரிடமும் சொல்வதில்லை.

மனோகரனுக்கு நாற்பத்தோரு வயது. செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். பன்னிரண்டு பேரை மேய்க்கிறவன், பன்னிரண்டாயிரம் பேரை ஆள்கிறவன்போல நடப்பான். கிடைக்காத எதையும் முதலில் கேவலப்படுத்திவிடுவான், கிடைத்ததை அதற்கப்புறம். அவன் மனைவி கஸ்தூரி பதினோரு வருடம் அவன் ஏச்சைக் கேட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு கூலாய்க்குப் போய்விட்டாள். அப்போது அவன் கேண்டீனில் உட்கார்ந்து, “போனா போகட்டும். வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கொறையும், அவ்ளோதான்” என்று சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள், சூப்பர்வைசர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாதே.

மகளை நினைக்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. லோஷினிக்குப் பத்து வயது. மாதம் ஒருமுறை ஒரு வறுத்த கோழிக் கடையில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த முறை கஸ்தூரி இறங்கி வந்திருந்தாள். “ஒழுங்கான வீடு ஒண்ணு பாருங்க. பாப்பாவுக்குத் தனி ரூம் இருக்கணும். வீட்டுல வேற யாரும் இருக்கக் கூடாது. சனிக்கெழம லீவு ஆரம்பிக்குது, ரெண்டு வாரம் அனுப்புறேன். வீடு இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்” என்று போனில் சொன்னாள். அது திங்கட்கிழமை காலை. பிற்பகலே இந்த வீட்டைப் பார்க்க வந்துவிட்டான்.

மாதக் கணக்கில் தேடியவன்தான். வீடு என்னவோ ஊர் முழுக்கக் கிடந்தது, அவனுக்குத்தான் இல்லை. சில விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று கூச்சமில்லாமல் போட்டிருந்தது. சிலர் அவன் பெயரைக் கேட்டதும், வீடு போய்விட்டது என்றார்கள். போய்விட்ட வீடுகளின் விளம்பரங்கள் அடுத்த வாரமும் அப்படியே இருந்தன. இவர்கள் எல்லாம் எப்படி ஒரு ஆளைப் பார்க்காமலே தூக்கி எறிகிறார்கள் என்று மனோகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை கேட்டு வருகிற வங்காளதேசத்துப் பையன்களை அவன் பார்க்கும் பார்வையை யாராவது அந்நேரம் கண்ணாடியில் காட்டியிருக்கலாம்.

“இது நம்மாளு வீடுண்ணே. இந்தியன் ஓகே லா. ஆனா ஃபேமிலிக்கு மட்டும்தான், பேச்சிலர்னா அந்த ஆண்ட்டி குடுக்க மாட்டாங்க. நாலு மணிக்கு வராங்க, ஒய்ஃபையும் பாக்கணும்னாங்க” என்றான் ரூபேந்திரன்.

“ஒய்ஃப் வருவா” என்றான் மனோகரன். பொய் அவனுக்கு மூச்சு விடுவதுபோல வரும்.

மூன்றாவது மாடி, கடைசி வீடு. கதவருகே செருப்பு வைக்கும் மர ரேக் ஒன்று நின்றது. முன்பக்கம் மரச் சட்டங்கள் அடித்த சிறு கதவு, அதில் ஒரு துருப்பிடித்த பூட்டு. சட்டங்களின் இடுக்கில் எட்டிப் பார்த்தால், உள்ளே ஒரே ஒரு ஜோடிப் பெண் செருப்பு. நீல வார். இடது குதிகால் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

“செருப்புக்குப் பூட்டா? என்ன ஜென்மங்களோ” என்றான் மனோகரன்.

ரூபேந்திரன் ரேக்கின் பக்கம் திரும்பவே இல்லை. கிரில் கதவைத் திறந்துவிட்டு, “நீங்க பாருங்கண்ணே, நான் இங்கயே நிக்கிறேன்” என்று போனை எடுத்துக்கொண்டான்.

கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, குளியலறை. நாள்பட்ட பூட்டிய வீட்டின் புழுங்கல் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு யாரோ இப்போதுதான் கூந்தலைத் துவட்டிக்கொண்டு கடந்து போனதுபோல ஒரு ஈர வாசனை. மனோகரன் மூக்கைச் சுளித்து, “பைப் லீக்காகுது” என்று முடிவு கட்டினான். சின்ன அறையின் ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. அங்கே லோஷினியின் கட்டிலைப் போடலாம் என்று நினைத்த அந்த ஒரு கணம் மட்டும் அவன் முகத்தில் இளக்காரம் இல்லை.

ரூபேந்திரன் வீட்டுக்காரம்மாவை அழைத்து வரக் கீழே போனான். இருந்தது பத்து நிமிடம். மனைவிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது மனோகரனின் கண் ரேக்கில் விழுந்தது. நம்மவர் வீடு என்றால், யார் வந்தாலும் முதலில் வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் பார்ப்பார்கள். எத்தனை ஜோடி, யாருடையது, ஆணா பெண்ணா, எல்லாம் உள்ளே போகுமுன் தெரிந்துவிடும். ஒரு மனைவி உள்ளே இருக்கிறாள் என்று சொல்ல ஒரு ஜோடி செருப்பு போதும். கஸ்தூரி பதினோரு வருடம் அதற்கு மேல் என்னவாக இருந்தாள் என்று கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் தெரிந்திருக்காது.

பூட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். பிஸ்கட்போல உடைந்தது.

செருப்பை எடுத்துத் தட்டி, தன் ஷூவுக்குப் பக்கத்தில், உள்ளே பார்த்தபடி வைத்தான். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினான். தண்ணீர் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

செல்லப்பாக்கியம் டீச்சர் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய வயது. பரம்பரை யாழ்ப்பாணம், பிழைப்பு ஜொகூர் பாரு. இந்த வீட்டை வாடகைக்கென்றே வாங்கிப் போட்டவர், ஒரு நாள்கூட இங்கே இருந்ததில்லை. ஆட்களைப் பரீட்சைத் தாள்போலப் பார்ப்பார். வாசலில் செருப்புகளைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், உள்ளே வந்தார். கமிஷன் வந்தால் போதும் என்று ரூபேந்திரன் எதையும் கேட்காமல் வாசலிலேயே நின்றுகொண்டான். முதல் கேள்வியே குத்தலாக வந்தது.

“எந்த எஸ்டேட் ஆக்கள் நீங்கள்?”

“நாங்க டவுன்தான் டீச்சர்” என்றான் மனோகரன். கூலாய்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கிழவிக்குத் திமிரைப் பார் என்று மனதுக்குள் ஏசினான். அவரும் ஏறத்தாழ அதையேதான் அவனைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்.

“மனுசி எங்க?”

“வீட்டக் கூட்டிப் பாத்தா, ஒடம்பெல்லாம் தூசி. குளிக்கிறா டீச்சர். ரொம்பக் கூச்சம், வெளியாளு முன்னாடி வர மாட்டா.”

“சத்தம் சண்டை இராதே? போன முறை இருந்த ஆக்களால எனக்குப் பெரிய தலையிடி.”

மனோகரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இல்லாத மனைவியைப் புகழ்வது இருந்தவளைப் புகழ்வதைவிடச் சுலபமாக இருந்தது. “சத்தமா? அவ வாயே தொறக்க மாட்டா டீச்சர். நான் சொன்னதத்தான் செய்வா. தனியா எங்கயும் போக மாட்டா. நான் எங்க போனாலும் பின்னாலயே வருவா.”

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

மனோகரனின் வாய் திறந்தபடியே இருந்தது.

மெதுவாக, பழக்கப்பட்ட கை ஒன்று குழாயை இறுக்கி மூடும் கிறீச். பிறகு ஈரத் துணியைப் பிழியும் சத்தம். பிறகு சொட்டு, சொட்டு.

“குளிச்சு முடிஞ்சுது போல” என்றார் டீச்சர். ஒப்பந்தத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழும்பும்போது சமையல்கட்டுப் பக்கம் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். “நல்ல அடக்கமான பிள்ளை. எட்டிப் பாத்திட்டு மறைஞ்சிட்டுது.”

வாசலில் நின்று, இன்னும் ஒன்று சொன்னார். “அந்தப் பிள்ளைக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கிக் குடும். குதிகால் தேஞ்சு கிடக்கு.”

அவர்கள் போனதும் குளியலறைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். யாருமில்லை. குழாய் இறுக மூடியிருந்தது. டாங்கியில் தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. மறுபடி மூடிவிட்டு, கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு செய்தான். வீடு கிடைத்துவிட்டதே, அது போதும்.

செவ்வாய்க்கிழமை சாமான்களை ஏற்றினான். சின்ன அறைக்குக் கட்டில் வாங்கினான், முயல் படம் போட்ட போர்வை வாங்கினான். செருப்பை எடுத்து எறிய நினைத்து மறந்துவிட்டான். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தான். உள்ளே பார்த்து வைத்த செருப்பு வெளியே பார்த்துக் கிடந்தது, அவன் ஷூவுக்கு அரையடி பின்னால்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடியிருக்கும். பெற்றவர்கள் வளர்த்த லட்சணம்.

அன்று தொழிற்சாலையில் புதுக் கட்டட வேலை நடந்தது. கார் நிறுத்துமிடம் முழுக்கச் சாம்பல் நிற சிமெண்ட் தூள். மாலையில் திரும்பி வந்து ஷூவைக் கழற்றும்போது அடியில் தூள் அப்பியிருந்ததைப் பார்த்தான்.

நீலச் செருப்பிலும் அதே தூள் இருந்தது.

வேறொருவனாக இருந்தால் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பான். மனோகரனுக்குப் பயத்தைவிட அலட்சியம் பெரிது. காலையில் அப்படியே போட்டுவிட்டுப் போன காப்பி மக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வெளியே தூறல், உள்ளே அந்த ஈரக் கூந்தல் வாசனை. ஒரு நிமிடம் விளக்கையெல்லாம் போட்டு அறை அறையாகப் பார்த்தான். அடுத்த நிமிடம் அவன் புத்தி அவனிடம் திரும்பிவிட்டது. ஏளனமாக, காலி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“மக் கழுவுனா போதுமா? நாளைக்கு மீட்டிங் இருக்கு. சட்டைய அயர்ன் பண்ணி வையி.”

வியாழக்கிழமை காலையில் சட்டை கதவுக் கொக்கியில் தொங்கியது. மடிப்புக் கலையாமல், இன்னும் சூடாக.

அவனிடம் அயர்ன் பாக்ஸ் கிடையாது.

அந்தச் சட்டையைத் தொடாமல், முந்தைய நாள் சட்டையிலேயே கீழே ஓடினான். கட்டடத்தின் அடியில் பேச்சியம்மாள் என்ற அக்கா காலையில் வடையும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் விற்பார். இருபது வருடமாக அங்கேயே குடியிருப்பவர். அவரிடம் இதுவரை அவன் சில்லறையை வீசியதோடு சரி, பேசியதில்லை. இன்று ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“மேல, கடைசி வீட்டுல முன்னாடி யாருக்கா இருந்தா?”

பேச்சியம்மாள் வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீதான் அங்க வந்திருக்கியா தம்பி? ஒரு புருசன் பொண்டாட்டி இருந்தாங்க. அவ பேரு புஷ்பவள்ளி. அவன் வேலைக்குப் போறப்ப அவ செருப்ப எடுத்து ரேக்குல வச்சிப் பூட்டிட்டுப் போயிருவான்.”

“எதுக்கு?”

“வெளிய போகக் கூடாதுன்னுதான். வெறுங்கால்ல பொம்பள ரோட்டுல எறங்குவாளா? கதவு தொறந்துதான் கெடக்கும். ஆனா அவ வாசலத் தாண்ட மாட்டா, அப்படியே பழக்கி வச்சிருந்தான். ஒரு நாளு போனவன் வரல. சிங்கப்பூர் பக்கம் எவளோடயோ போயிட்டான்னு பேசிக்கிட்டாங்க. இவ உள்ளயே உக்காந்திருந்தா. சோறு தண்ணி இல்ல. பாத்ரூம்ல பைப் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, கீழ் வீட்டு சீலிங் நனைஞ்சப்பதான் எல்லாரும் போய்ப் பாத்தோம்.”

பேச்சியம்மாள் வடைகளை எண்ணெயிலிருந்து அள்ளித் தட்டில் போட்டார்.

“அந்தச் செருப்ப யாராச்சும் எடுத்துக் குடுத்திருந்தா எறங்கி வந்திருப்பா. நாங்க தெனமும் அந்த ரேக்கத் தாண்டித்தான் போனோம், வந்தோம். அடுத்த வீட்டு விசயம்னு ஒருத்தரும் அந்தப் பூட்டத் தொடல. செத்தப்பறமும் தொடல.” குரலைத் தாழ்த்தினார். “பூட்டு அப்படியே இருக்குல்ல தம்பி?”

மனோகரன் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

சாயங்காலமே வீட்டை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் சனிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. இந்த வீடு போனால் லோஷினி வர மாட்டாள், கஸ்தூரி இன்னொரு தடவை இறங்கி வர மாட்டாள். சின்ன அறையில் முயல் போர்வை விரித்துக் கிடந்தது. ஆகவே அவன் தனக்குத் தெரிந்த வழியைச் செய்தான். வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும், செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கூலாய் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தான். ஒரு பொண்டாட்டியை அனுப்பியவனுக்கு இன்னொன்றை அனுப்பத் தெரியாதா என்று காரில் சிரித்துக்கொண்டான்.

வீடு அமைதியாக இருந்தது. வாசனை இல்லை. ஏழு மணிக்குக் கஸ்தூரி பேசினாள். “காலைல பத்து மணிக்குக் கொண்டாந்து விடுறேன். ரெண்டு வாரம்தான். கரெக்டா பதினாலாவது நாளு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

“சரி, சரி” என்று வைத்தவன், போனைச் சோபாவில் வீசினான். அவள் குரலில் இருந்த அந்த அதிகாரம் அவனுக்கு எப்போதும் ஆகாது. “வந்து கூட்டிட்டுப் போவியா நீ? வரட்டும். எம் பொண்ணு ஒருக்கா இந்த வாசலுக்குள்ள வந்துட்டா, அப்பறம் வெளிய போக விடக் கூடாது” என்று சத்தமாகவே சொன்னான். யாரிடம் சொன்னான்? யாரிடமும் இல்லை. வெறும் வீறாப்பு.

குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

யாரோ கவனமாகக் கேட்டுக்கொள்வதுபோல ஒரு நிசப்தம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நல்ல வெயில். படியில் லோஷினியின் குரல் கேட்டதுமே மனோகரன் கதவைத் திறந்துவிட்டான். அவள் ரோஸ் நிறச் செருப்பை வாசலில் உதறிவிட்டு, “என் ரூம் எதுப்பா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். இத்தனை நாளில் அவனுக்கு அதைப்போல இனித்த சொல் எதுவும் இல்லை.

கஸ்தூரி உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரோடது?”

நீல வார். தேய்ந்த இடது குதிகால். பெட்ரோல் நிலையம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

“பழைய ஆளுங்களோடது” என்றான்.

“பழைய ஆளுங்க செருப்பு ஈரமா இருக்கு.” கஸ்தூரி குனியக்கூட இல்லை. “வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். நீங்க யாரோட வேணா இருங்க, எனக்கென்ன. ஆனா பொய் சொல்றதுல நீங்க மாறவே இல்ல. லோஷினி, வா, போலாம்.”

லோஷினி வெளியே வரவில்லை. அப்போதுதான் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் லோஷினி உதறிய ரோஸ் செருப்பு அங்கே இல்லை.

மர ரேக்கின் கதவு மூடியிருந்தது. அவன் உடைத்த துருப்பிடித்த பூட்டு, உடையாத பூட்டாக, அதில் தொங்கியது.

சட்டங்களின் இடுக்கில் ரோஸ் நிறம் தெரிந்தது.

மனோகரன் பூட்டைப் பிடித்து முறுக்கினான். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. உள்ளே குளியலறையில் குழாய் திறந்துகொண்டது.

“ப்பா” என்றாள் லோஷினி.

கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். ஒரு கை மட்டும் உடம்பிலிருந்து விலகி, சற்று உயரத்தில் நின்றது. பெரியவர் யாரோ பிடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் கை நிற்குமே, அப்படி.

“கைய விடச் சொல்லுங்கப்பா.”

“யாரும்மா? யாரு புடிச்சிருக்கா?”

“ஆண்ட்டி. ரொம்ப ஜில்லுனு இருக்கு.” பிள்ளையின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “அவங்க வாயத் தொறக்கல. ஆனா சொல்றாங்க. நான் இனிமே வெளிய போகக் கூடாதாம். அப்பா சொல்லிட்டாராம்.”

கஸ்தூரி மனோகரனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவன் அவளைப் பார்த்த பார்வை எதுவும் அந்த ஒரு பார்வைக்கு முன்னால் நிற்காது. பிறகு, பிறந்ததிலிருந்து எந்த வீட்டிலும் செய்யாத காரியத்தைச் செய்தாள். செருப்புக் காலோடு உள்ளே நடந்தாள். தளத்தில் அவள் குதிகால் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. மகளின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஏதோ ஒன்று பிடியை விட்டது.

“ம்மா, என் செருப்பு...”

“செருப்பு இல்லன்னா கால் இல்லையா? வெறுங்கால்ல நட.”

வெறுங்காலும் செருப்புக்காலும் படியில் இறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. லோஷினியின் மணிக்கட்டில் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் ஈரமாகப் பதிந்திருந்ததை மனோகரன் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தைப் பார்த்து அவன், “நான் சும்மாதான் சொன்னேன்” என்றான். அவன் வாழ்நாளில் மன்னிப்புக்கு மிக அருகில் வந்தது அதுதான். பதில் வரவில்லை. அவள்தான் வாயே திறக்க மாட்டாளே.

தன் ஷூவைக்கூட எடுக்கவில்லை. அது நீலச் செருப்பை ஒட்டிக் கிடந்தது. வெறுங்காலோடு இறங்கி, காரை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் ஒரு கூட்டாளியின் வீட்டுச் சோபாவில் கிடந்தான். அத்தனை நாளும் யாரையும் அவன் ஏசவில்லை என்று கூட்டாளி பிற்பாடு அதிசயப்பட்டார். பிறகு வடக்கே யோங் பெங் என்ற ஊரில் ஒரு வீடு கிடைத்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வேலு என்பவர், தன் வீட்டுக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறையை வாடகைக்கு விட்டார். பேச்சிலர் ஆனாலும் பரவாயில்லை என்ற ஒரே மனிதர். வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். மனோகரன் வீட்டை ஒரு குறைகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டான். புதுச் செருப்பு வாங்கி, அதை மட்டும் வாசலில் விட்டான். பூட்டு வைத்த ரேக் எதுவும் அங்கே இல்லை.

கஸ்தூரியிடம் அவன் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தான், சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வீட்ட வீடியோ கால்ல காட்டுங்க. நீங்க மட்டும்தான் இருக்கீங்கன்னு நானும் பாப்பாவும் பாக்கணும். அப்பறம் யோசிக்கிறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அழைத்தான். திரையில் கஸ்தூரியும், அவள் தோளுக்குப் பின்னால் லோஷினியும். போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினான். கட்டில், அலமாரி, கதவுக்குப் பின்புறம், சமையல் மேடை, குளியலறை, காய்ந்த தரை.

“யாரும் இல்ல, பாத்தீங்களா? நான் மட்டும்தான்.” அவன் குரலில் வீறாப்பு ஒரு துளியும் இல்லை. வெறும் கெஞ்சல்தான் இருந்தது.

லோஷினி லேசாகச் சிரித்தாள். “அந்த முயல் போர்வை இருக்காப்பா?”

“புதுசு வாங்கிருக்கேன்டா கண்ணு.”

கஸ்தூரி பெருமூச்சு விட்டாள். “சரி. அடுத்த வாரம்...”

அந்நேரம் வேலு சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கமாக வந்தார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். வாசலுக்கு வெளியே நின்று, பக்கத்தில் யாரையோ பார்த்து அவர் அன்பாகச் சொன்னது போனில் தெளிவாக விழுந்தது.

“ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. உங்க வீடுதானே.”

திரையில் லோஷினியின் முகம் மறைந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மனோகரன் வாசலைப் பார்த்தான். வேலு சிரித்த முகத்தோடு ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டு நின்றார். அவர் காலடியில் அவனுடைய புதுச் செருப்பு. அதை ஒட்டி, உள்ளே பார்த்தபடி, நீல வார்ச் செருப்பு.

அவன் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.